இதர

அம்மாபேட்டையிலிருந்து வந்த இன்ஜினியர் திருமேனி
ஹெல்மெட்டைக் கழற்றாமலே வீட்டை அளந்தார்.
டேப்பின் மறுநுனி என் கையில்.
பதினாறடி என்று நாங்கள் இத்தனை வருஷம் நம்பிய கூடம்
பதினைந்தே கால்.

சுவரைத் தட்டினார், மண் உதிர்ந்தது.
உத்திரத்தில் ஸ்க்ரூடிரைவரைக் குத்தினார்,
ஊறிய பிஸ்கட்டில் இறங்குவதுபோல் இறங்கியது.
"கரையான் நல்லா சாப்ட்டிருக்கு" என்றார்,
பந்தியில் யாரையோ பாராட்டுகிறவர் மாதிரி.

மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் வந்தது எஸ்டிமேட்:
பதினொன்று எண்பது.
வீட்டுக்காரர் அதைப் பன்னிரண்டு என்றார்.
நான் பதினொன்று என்றேன்.
நடுவில் கிடந்த ஒரு லட்சத்தில்
அன்று ராத்திரி முழுக்கக் குடியிருந்தோம்.

சீட்டு எடுத்தது மூன்று.
சொசைட்டியில் வைத்த நகைக்கு இரண்டு இருபது.
மிளகு தொண்ணூறு,
அதுவும் சில்வர் ஓக் ஏற ஆள் கிடைத்ததால்.

நாகலூர் அங்கன்வாடியில்
பிள்ளைகள் தூங்குகிற ஒரு மணி நேரம்
எடைப் பதிவேட்டின் பின்பக்கத்தில்
வீட்டைக் குறைத்துக்கொண்டே வந்தேன்.
போர்ட்டிகோ போயிற்று, ஒன்று அறுபது.
மாடி அறை, இரண்டு தொண்ணூறு.
அதில் படுக்க வேண்டியவன்
திருப்பூர் பனியன் கம்பெனியில்
ஏழு பேரோடு படுக்கிறான்,
பொங்கலுக்கு வந்தால் கூடம் போதும்.
டைல்ஸ் போய்ச் சிவப்பு சிமெண்ட் வந்தது, எழுபது மிச்சம்.

வீட்டுக்குள் கக்கூஸில் மட்டும் கை வைக்கவில்லை.
மழையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு
காட்டுமாடு நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து
கொய்யா மரம் வரை நடந்தவள் நான்.
அவருக்கு வழியெல்லாம் இடம்.

இன்னும் ஐம்பது இடித்தது.
கடைசி வரியில் சரியாக அதே ஐம்பது:
இதர.

"இது என்னதுங்க சார்?"
"தெரியாததுங்க."
"தெரியாததுக்கு எதுக்கு ஐம்பதாயிரம்?"
வீட்டுக்காரர் சிவப்புப் பேனாவால் அடித்தார்.
போனில் திருமேனி சிரித்தார்.
"அடிங்க. அடிச்சாலும் வரும்."

வந்தது.

எம்-சாண்ட் லாரி பதினான்காம் வளைவில்
ஆக்சில் முறிந்து உட்கார்ந்தது.
மணலின் விலைக்கும் வாடகைக்கும் நடுவே
டிரைவர் ஒரு தொகை சொன்னார்,
அதற்குப் பெயர் இல்லை.

மேற்குச் சுவரைத் தோண்டினால் அஸ்திவாரமே கிடையாது.
முப்பத்தைந்து வருஷம்
சும்மா மரியாதைக்கு நின்றிருக்கிறது.

கொழுந்தன் பச்சியண்ணன் வந்து
கிழக்குச் சுவரில் பாதி தன்னுது என்றார்.
உண்மைதான்.
பாதியை விலைக்கு வாங்கினோம்,
உள்பாதியா வெளிப்பாதியா என்று கேட்கவில்லை.

கொத்தனார் வேடியப்பன் மகளுக்குக் காதுகுத்து.
நாலு நாள் வேலை இல்லை,
மொய் ஆயிரத்தொன்று,
மூடாத சிமெண்ட் மூட்டை மூன்று
பனியில் கல்லாகிவிட்டது.

முன்வாசலில் கான்கிரீட் போட்ட ராத்திரி
ஒரு காட்டுமாடு
சாக்கடையிலிருந்து பைப்பு வரை
அவசரமே இல்லாமல் நடந்துபோயிருக்கிறது.
ஏழு குளம்பு.
எட்டாவது எங்கே வைத்தது என்று
வேடியப்பனும் நானும் தேடினோம்.
"பேத்துட்டுப் புதுசா போட எட்டாயிரம் ஆகும்க்கா."
"அப்படியே விட்டா?"
யோசித்தார்.
"விட்டா ஒண்ணும் ஆகாது."
இந்த வேலை முழுவதிலும்
நான் கேட்ட மலிவான கொட்டேஷன் அது.

அடித்த வரியை மறுபடி எழுதினேன்:
இதர, எழுபத்து மூவாயிரத்து நானூறு.
வீட்டுக்காரரின் பைக் அதில் இருக்கிறது.
ஏழு பத்து பஸ்ஸுக்கு இப்போது நடக்கிறார்,
என்னோடு பேசாமல், குளம்புகளை மிதிக்காமல்.

பெயிண்ட் இன்னும் எஸ்டிமேட்டில்தான் அடித்திருக்கிறது.

நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு மழை.
எழுந்தேன், பதினோரு அடி நடந்தேன்,
சுவிட்சைப் போட்டேன், தாழ்ப்பாள் போட்டேன்.
வந்த வேலை முடிந்த பிறகும்
கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.
வெளியே கொய்யா மரத்தடியில்
ஏதோ பெரிதாக மூச்சு விட்டது.
விடட்டும்.